கோல்பர்ன் ஹைஸ்கூல் தொடங்கியது 1883-இலா, 1913-இலா?

#1 வாகா_வாசகி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து உள்நாட்டு ஊர்களில் அரசு ஹைஸ்கூல்கள் எப்படி வந்தன என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தனியார் பள்ளிகளுக்குத் தடித்தடியாக நூற்றாண்டு மலர்கள் கிடைக்கின்றன. அரசுப் பள்ளிகளின் கதையைத்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

கோல்பர்னில் வந்து சிக்கிக்கொண்டேன். இன்றைய கோல்பர்ன் ஹைஸ்கூலுக்கு 1913 என்று ஆண்டு சொல்கிறார்கள். ஆனால் மாநிலத்தின் முதல் அரசு ஹைஸ்கூல்கள் எவை என்று தேடினால் 1883 பட்டியலிலேயே கோல்பர்ன் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

இன்னொன்று. 1962-இல் கழிப்பறைக்காகப் பள்ளிகளை மூடிப் போராடியதும் இதே ஊர்தானே? அதற்கும் அரசுப் பள்ளிக்கும் என்ன தொடர்பு? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

#2 பழைய_ஏடு

இரண்டு ஆண்டும் சரிதான். நடுவில் பள்ளி செத்துப் பிழைத்தது.

1880-இல் ஹென்றி பார்க்ஸ் பிரதமராக இருந்தபோது (மாநிலப் பிரதமர், அப்போது அது தனிக் குடியேற்ற நாடு) பொதுக் கல்விச் சட்டம் வந்தது. 6 முதல் 14 வயது வரை பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்றது. தேவாலயப் பள்ளிகளுக்குக் கொடுத்துவந்த அரசுப் பணத்தை 1882 முடிவோடு நிறுத்தியது. கூடவே அரசு ஹைஸ்கூல் என்ற ஒன்றுக்கு முதல் முறையாக வழி செய்தது. சிட்னி, பாதர்ஸ்ட், கோல்பர்ன், மெய்ட்லண்ட் ஆகிய இடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக 1883-84இல் தொடங்கினார்கள். தலைநகரிலேயே சொந்தக் கட்டடத்துக்கு வக்கில்லை. காஸல்ரே தெருவில் ஒரே கட்டடம், கீழே பையன்கள், மேலே பெண்கள்.

கோல்பர்னைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. 1863-இலேயே நகரம் என்ற அரச சாசனம் பெற்ற ஊர். ரயில் 1869-இல் வந்துவிட்டது. கம்பளி வியாபாரம், நீதிமன்றம், இரண்டு பேராலயங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் 1886-இல் ஹைஸ்கூலை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குக் கட்டணத்தைப் பார்த்தாலே போதும். அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வாரம் 3 பென்ஸ். ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் படித்தாலும் வாரம் 1 ஷில்லிங்குக்கு மேல் கிடையாது. ஹைஸ்கூலில் மூன்று மாதத்துக்கு 2 கினி, அதாவது 42 ஷில்லிங். 13 வாரத்துக்கு 3 பென்ஸ் வீதம் கணக்கிட்டால் 3 ஷில்லிங் 3 பென்ஸ்தான் வருகிறது. ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு! அதுவும் நுழைவுத் தேர்வு எழுதி, லத்தீன் படிக்க. ரயில்வே தொழிலாளியின் பையன் அங்கே எதற்குப் போவான்? பணம் உள்ளவர் வீட்டுப் பிள்ளைகள் சிட்னியில் விடுதிப் பள்ளிக்குப் போனார்கள். கத்தோலிக்கர்களுக்கு ஊரிலேயே 1874 முதல் செயின்ட் பேட்ரிக் கல்லூரி இருந்தது, பெண்களுக்கு மெர்சி சகோதரிகளின் பள்ளி அதற்கும் முந்தையது.

மேல்நிலைப் பாடங்களைத் தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளிலேயே சொல்லிக்கொடுக்க ஏற்பாடும் இருந்தது. குறைந்த காசுக்கு அங்கேயே கிடைக்கும்போது கினி கொடுத்து யாரும் இடம் மாறப் போவதில்லை. அரசு தன் பள்ளிக்குத் தானே போட்டி வைத்துக்கொண்டது என்றுதான் நான் பார்க்கிறேன். மெய்ட்லண்ட் எப்படியோ தாக்குப்பிடித்தது, கோல்பர்னால் முடியவில்லை.

#3 குயின்ஸ்லாந்துத்_தும்பி

எங்கள் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 1860 சட்டப்படி கிராமர் பள்ளிகளுக்குத்தான் அரசு நிலமும் பணமும் கொடுத்தது, கட்டணமும் அவர்கள் வாங்கினார்கள். குயின்ஸ்லாந்தின் முதல் அரசு ஹைஸ்கூல்கள் 1912-இல்தான் வந்தன. வாரிக், பண்டபர்க், கிம்பி, மகாய், சார்ட்டர்ஸ் டவர்ஸ், மவுண்ட் மோர்கன். பட்டியலைக் கவனியுங்கள், பிரிஸ்பேன் இல்லை! ஆறு ஊர்களுமே சுரங்கமும் கரும்பும் பண்ணையுமாக இருந்த வெளியூர்கள். தலைநகரை விட்டுவிட்டு வெளியூருக்கு முதலில் கொடுத்த அரசு வேறு உண்டா தெரியவில்லை.

#4 பழைய_ஏடு

தும்பி சொன்ன 1912 தற்செயல் இல்லை. அந்தச் சில ஆண்டுகளில் நாடு முழுவதும் அரசு மேல்நிலைக் கல்வி திடீரென்று முளைக்கிறது. அடிலெய்ட் 1908, பெர்த் மாடர்ன் 1911. இங்கே பீட்டர் போர்ட் என்பவர் 1905 முதல் 1922 வரை கல்வித் துறை இயக்குநர். அவர் காலத்தில் 1911-இல் ஹைஸ்கூல் கட்டணத்தை எடுத்தார்கள். அந்தக் கட்டணம் போனதும் ஊர் ஊராகப் பள்ளி திறந்தது. ஆரஞ்ச் 1912, கோல்பர்ன் 1913, வாசகி அக்காவின் வாகா வாகா 1917.

1923-இல் கட்டணத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். 1925-இல் லேபர் கட்சியின் ஜாக் லாங் மாநிலப் பிரதமராக வந்து எடுத்தார். இரண்டே வருடம், ஆனால் எந்த அரசு வந்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டிவிட்டது.

இலவசம் என்றாலும் எல்லாருக்கும் கதவு திறந்துவிடவில்லை. தொடக்கப் பள்ளி முடிவில் ஒரு தகுதித் தேர்வு. அதைத் தாண்டினால்தான் ஹைஸ்கூல். மற்றவர்கள் தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்பிலோ தொழில் சார்ந்த வகுப்பிலோ காலத்தை ஓட்டிவிட்டு 14 வயதில் வேலைக்குப் போனார்கள். அந்த வயது 15 ஆனது 1940களில்தான். ஆகவே 1913 பள்ளியை இன்றைய 'எல்லாரும் சேரலாம்' ஹைஸ்கூலாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஊரின் வங்கி குமாஸ்தாவையும் ஆசிரியரையும் உருவாக்கிய இடம் அது. பண்ணையில் கம்பளி வெட்டியவரின் மகன் அங்கே அபூர்வம்.

#5 சுண்டல்_சிட்னி

எல்லாம் சரி. கழிப்பறைக் கதை எங்கே? வாசகி அக்கா அதையும்தானே கேட்டார்?

நான் கேள்விப்பட்டது இதுதான். ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் கழிப்பறை போதவில்லை, அரசு கட்டச் சொன்னது, அவர்கள் கோபித்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளையும் அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அரசு பயந்து பணம் கொடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று கழிப்பறைக்காக ஒரு நாட்டின் கல்விக் கொள்கை மாறியது என்றால் நம்ப முடியவில்லை.

#6 தெற்கு_மேட்டுநிலம்

சுண்டல் தம்பி, நம்பாதது சரி. நான் பதினைந்து வருடமாகக் கோல்பர்ன் பக்கம் இருக்கிறேன். இங்கே வயதானவர்களிடம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். பதிவானதை மட்டும் எழுதுகிறேன்.

'அவர் லேடி ஆஃப் மெர்சி' என்ற கத்தோலிக்கச் சிறுவர் பள்ளிக்கு அரசு ஆய்வாளர்கள் கூடுதலாக மூன்று கழிப்பறை வேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் பள்ளியின் அங்கீகாரத்துக்குச் சிக்கல். தொகை பெரிதில்லை. ஆனால் கத்தோலிக்கப் பெற்றோர்கள் எண்பது வருடமாக வரியும் கட்டி, தங்கள் பள்ளியையும் சொந்தக் காசில் நடத்திக்கொண்டிருந்தவர்கள். அதே அரசு வந்து 'இதையும் கட்டு' என்றதும் பொறுமை தீர்ந்தது. துணை ஆயர் ஜான் கலினேன் தலைமையில் 1962 ஜூலையில் சுமார் 700 பேர் கூடினார்கள். ஊரின் கத்தோலிக்கப் பள்ளிகள் எல்லாவற்றையும் மூடுவது, பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க அழைத்துப்போவது என்று பெரும்பான்மை முடிவு.

ஜூலை 16, திங்கள். சீருடை போட்ட பிள்ளைகளோடு பெற்றோர்கள் அரசுப் பள்ளி வாசலில் வரிசை. ஏறக்குறைய 2000 பிள்ளைகளில் 640 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. தவணை முடியும் வரை ஆறு வாரம் நடத்துவதாகத் திட்டம், ஒரே வாரத்தில் முடித்துக்கொண்டார்கள். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சண்டை சச்சரவு என்று பெரிதாக எதுவும் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள். அவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பலர் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. கோல்பர்னும் கான்பெராவும் ஒரே மறைமாவட்டம், சாலையில் 90 கிலோமீட்டர். கான்பெரா மத்திய அரசின் நேரடி ஆட்சிப் பகுதி. அங்கே தனியார் பள்ளிக் கட்டடக் கடனுக்கு வட்டியை 1956 முதல் பிரதமர் மென்சிஸின் மத்திய அரசு கட்டிக்கொண்டிருந்தது. ஒரே பேராயர், ஒரே சபை, மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தால் ஒரு பென்னி கிடையாது. கழிப்பறைக்கு வந்த கோபம் இல்லை அது.

#7 பழைய_ஏடு

மேட்டுநிலம் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்தால்தான் 1962 ஏன் என்பது புரியும். விண்டம் திட்டம், அதாவது மாநிலத்தின் மேல்நிலைக் கல்விச் சீர்திருத்தம்.

ஹரோல்ட் விண்டம் குழு 1957-இல் அறிக்கை கொடுத்தது. 1961-இல் சட்டம் வந்தது. 1962-இல் ஹைஸ்கூலின் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள்தான் முதல் அணி. ஹைஸ்கூல் ஐந்து ஆண்டிலிருந்து ஆறு ஆண்டு ஆனது. தேர்வு வைத்துப் பிரிப்பது போய், பகுதியில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஹைஸ்கூல். எல்லாருக்கும் அறிவியல் கட்டாயம். 1965-இல் முதல் ஸ்கூல் சர்ட்டிபிகேட், 1967-இல் முதல் எச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு).

அரசுப் பள்ளிக்கு இது பொற்காலத்தின் தொடக்கம். கோல்பர்ன் மாதிரி ஊரில் 1913-இல் சலித்தெடுத்தவர்களுக்காகத் தொடங்கிய பள்ளி உண்மையிலேயே ஊர்ப் பள்ளியாக மாறியது இதற்குப் பிறகுதான். ஆனால் ஒரு கன்னியாஸ்திரீ அறுபது பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்திய சபைப் பள்ளிக்கு? இன்னும் ஒரு வருட வகுப்பறை, ஆய்வகம், பர்னர், குழாய், பட்டம் பெற்ற அறிவியல் ஆசிரியர். போருக்குப் பிறகு இத்தாலியிலிருந்தும் மால்டாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வேறு குவிகிறார்கள். பணத்துக்கு எங்கே போவது? கோல்பர்ன் கூட்டம் நடந்த அதே ஆண்டில்தான் இந்தச் செலவு தலையில் விழுந்தது.

#8 சுண்டல்_சிட்னி

சரி, இப்போது புரிகிறது. அப்புறம் அரசு பணிந்ததா?

#9 தெற்கு_மேட்டுநிலம்

உடனே இல்லை. மாநிலத்தில் ராபர்ட் ஹெஃப்ரனின் லேபர் ஆட்சி. அந்தக் கட்சியிலேயே கத்தோலிக்கர்கள் ஏராளம், ஆனால் தேவாலயப் பள்ளிக்கு அரசுப் பணம் கூடாது என்பது கட்சியின் பழைய நிலைப்பாடு. 1963-இல் மாநில அரசு தனியார் பள்ளி ஆய்வகங்களுக்கு உதவலாம் என்று நகர்ந்தபோது லேபர் கட்சியின் தேசிய அமைப்பு குறுக்கே நின்றது.

மென்சிஸ் அந்த இடைவெளியில் புகுந்தார். 1961 தேர்தலில் மயிரிழையில் தப்பியவர் அவர். 1963 நவம்பர் தேர்தலுக்கு முன் ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு அறிவியல் கட்டடங்களுக்கு, அரசுப் பள்ளி தனியார் பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல் என்று அறிவித்தார். வென்றார். 1964-இல் சட்டமானது. இவரே பிரஸ்பிட்டீரியன் (புராட்டஸ்டண்ட் பிரிவு) என்பதால் 'ரோமுக்கு விற்றுவிட்டார்' என்று யாரும் எளிதில் சொல்ல முடியவில்லை. நல்ல அரசியல் கணக்கு.

அந்தப் பணத்தில் அரசு ஹைஸ்கூல்களுக்கும் ஆய்வகம் வந்தது. கிராமப்புறப் பள்ளிகளில் தட்டையான கூரையோடு அந்தக் காலத்து அறிவியல் பிளாக்கைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த வகைதான். மாநிலத்தின் பொறுப்பாக இருந்த பள்ளிக் கல்விக்குள் கான்பெரா கால் வைத்தது அன்றுதான், பிறகு எடுக்கவே இல்லை.

#10 எதிர்க்காற்று

நீங்கள் எல்லோரும் இதை ஒரு வெற்றிக் கதை மாதிரிச் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

கத்தோலிக்கர்களின் குறை நியாயம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்விளைவைப் பாருங்கள். 1973-இல் பள்ளி நிதி பற்றிய கார்மெல் அறிக்கை தேவைக்கேற்ற நிதி என்றது, பிரதமர் விட்லம் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் கொடுத்தார். ஏழைச் சபைப் பள்ளிக்காகத் திறந்த அதே கதவு வழியாகப் பணக்காரப் பள்ளிகளும் நுழைந்தன. அதை எதிர்த்து ஒரு குழு நாட்டின் உச்ச அமைப்பான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது. அரசியல் சட்டத்தின் 116-ஆவது பிரிவு மதத்தை நிறுவுவதைத் தடுக்கிறது, தேவாலயப் பள்ளிக்குப் பணம் கொடுப்பது அதற்கு எதிரானது என்பது வாதம். 1981-இல் ஆறுக்கு ஒன்று என்று தோற்றார்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் லயனல் மர்ஃபி மட்டும்.

இன்று நாட்டின் மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள்தான் அரசுப் பள்ளியில். ஊர்ப்புறங்களில் யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் வசதி இருப்பவர்கள் ஒதுங்கிவிட, கடினமான வேலை எல்லாம் அரசு ஹைஸ்கூல் தலையில். கோல்பர்னில் 1886-இல் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதானே? அன்று கட்டணத்தால் ஏழை வரவில்லை, பணக்காரனும் வரவில்லை.

#11 தெற்கு_மேட்டுநிலம்

எதிர்க்காற்று, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 640 பேரைச் சேர்த்ததற்கே அரசுப் பள்ளிகள் திணறின. அந்த 2000 பேரும் நிரந்தரமாக வந்திருந்தால் யார் செலவு? அதைத்தான் அவர்கள் காட்ட நினைத்தார்கள். சபைப் பள்ளிகள் மூடினால் அரசுக்குத்தான் கூடுதல் பளு. இந்த வாதத்துக்கு இன்றுவரை யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

பணக்காரப் பள்ளிக்கு நீச்சல் குளம் கட்டக் கொடுப்பது வேறு, அதில் உங்களோடு நிற்கிறேன்.

#12 வாகா_வாசகி

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த இழையில் 'ஊர்ப் பிள்ளைகள்', 'எல்லாரும்' என்று பலமுறை வந்துவிட்டது. அந்த ஊர்களில் ஏற்கெனவே இருந்த பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஹைஸ்கூல்கள் திறந்த அதே 1883. கோல்பர்னுக்குப் பக்கத்தில் யாஸ். அங்கே அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பூர்வகுடிப் பிள்ளைகளை வெள்ளைப் பெற்றோர் எதிர்த்ததால் வெளியேற்றினார்கள். கல்வி அமைச்சர் ஜார்ஜ் ரீட் (பின்னால் நாட்டின் பிரதமர் ஆனவர்) எந்த மதம், எந்த நிறம் ஆனாலும் அரசுப் பள்ளி எல்லாருக்கும்தான் என்று தொடங்கி, ஆனால் சில சமயம் பூர்வகுடிப் பிள்ளைகளைச் சேர்ப்பது பள்ளிக்கே கேடாகலாம் என்று முடித்தார். சுத்தமாக, உடுத்தி, மரியாதையாக வந்தால் சேர்க்கலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். 1902-இல் அதுவும் போயிற்று. ஒரு வெள்ளைப் பெற்றோர் ஆட்சேபித்தால் போதும், வெளியே அனுப்பிவிடலாம் என்று ஆசிரியர்களுக்கு உத்தரவு. அந்த அதிகாரம் தலைமையாசிரியர் கையேட்டிலிருந்து முழுதாக நீங்கியது 1972-இல்.

கட்டணத்தை 1911-இல் எடுத்தார்கள், தகுதித் தேர்வை 1962-இல் எடுத்தார்கள், இதை அதற்கும் பத்து வருடம் கழித்து எடுத்தார்கள். தொடக்கப் பள்ளியே மறுக்கப்பட்டவருக்கு ஹைஸ்கூல் பற்றிய இந்தச் சண்டை எதுவுமே பொருந்தாது. கோல்பர்ன் பிள்ளைகள் ஒரு வாரம் அரசுப் பள்ளி வாசலில் நின்றது நாடே பார்த்த செய்தி. யாஸ் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்றதை எந்தத் தேர்தலும் கவனிக்கவில்லை.

#13 எதிர்க்காற்று

இதற்குப் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. 1972 என்ற ஆண்டு எனக்குப் புதிது.

#14 குயின்ஸ்லாந்துத்_தும்பி

இப்போதைய நிலை பற்றி ஒரு சின்னக் கேள்வி. கோன்ஸ்கி கணக்கில் (பள்ளிகளுக்கு நிதி ஒதுக்கும் முறை) அரசுப் பள்ளிக்கு மத்திய அரசு எவ்வளவு தருகிறது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்கிறார்கள்.

#15 பழைய_ஏடு

ஒரு மாணவருக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. அதில் தனியார் பள்ளிக்குரிய அரசுப் பங்கில் 80 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது, அரசுப் பள்ளிக்கு 20 சதவீதம் என்று இருந்தது. மீதி மாநிலத்தின் பொறுப்பு. தனியாருக்கு அந்தத் தொகையே பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துக் குறைக்கப்படும், அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தப்பாகப் புரியும். அரசுப் பள்ளிக்கான 20-ஐ 2034-க்குள் 25 ஆக்குவதாகப் புதிய ஒப்பந்தம், நியூ சவுத் வேல்ஸ் 2025-இல் கையெழுத்திட்டது. எண்கள் வெவ்வேறாக வருவதற்குக் காரணம், சிலர் மத்திய அரசின் பங்கை மட்டும் சொல்கிறார்கள், சிலர் இரண்டு அரசும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

#16 சுண்டல்_சிட்னி

என் மனைவி வேலை செய்யும் ஊரிலும் ஒரு பழைய அரசு ஹைஸ்கூல் இருக்கிறது. இதே மாதிரி அதைத் தோண்ட எங்கே தொடங்குவது?

#17 பழைய_ஏடு

ட்ரோவ் தளத்தில் (பழைய ஆஸ்திரேலியப் பத்திரிகைகளை இணையத்தில் தேடும் இடம்) உள்ளூர்ப் பத்திரிகை. கோல்பர்னுக்கு 'கோல்பர்ன் ஹெரால்ட்', 'ஈவினிங் பென்னி போஸ்ட்' இரண்டும் உண்டு, உங்கள் ஊருக்கும் ஏதாவது இருக்கும். பள்ளி என்று மட்டும் தேடினால் விளையாட்டுப் போட்டி முடிவுகள் ஆயிரம் வந்து குவியும். 'டெப்யுடேஷன்' என்று சேர்த்துத் தேடுங்கள். அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் அமைச்சரைப் பார்க்கப் போய்ப் பள்ளி கேட்ட செய்திகள் அதில்தான் மாட்டும். அப்புறம் மாநில ஆவணக் காப்பகம், கிங்ஸ்வுட்டில். 1876 முதல் பள்ளிவாரியாகக் கடிதக் கோப்புகள் வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போங்கள், கோப்பை எடுத்துவைக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். கூரை ஒழுகுகிறது, விறகு வரவில்லை என்று ஆசிரியர் எழுதிய கடிதம்தான் பாதிக்கு மேல் இருக்கும், அதையும் தள்ளிவிடாமல் படியுங்கள்.